தண்ணீர் இல்லாத நாட்களில் காவிரி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காவிரியில் தண்ணீர் ஓடும் நாட்களைப் பற்றி இந்தத் திருச்சியில் நிறையப் பேர் நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் தண்ணீர் ஓடாத நாட்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேட்டூர் அணையின் பாசனக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. அணையின் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். வழக்கமான ஆண்டில் ஜனவரி 28க்கும் ஜூன் 12க்கும் நடுவே நாலரை மாதம். குடிநீருக்காக விடும் சிறு ஓட்டத்தைத் தவிர, அகண்ட காவிரி அந்த நாலரை மாதமும் மணலாகவே கிடக்கிறது. நுண்நெகிழி என்று இன்று உலகம் அஞ்சுகிற பொருளில் திருச்சி தன் கையால் செய்து சேர்க்கும் பங்கு பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் உருவாகிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான நெகிழித் துணுக்கை நுண்நெகிழி என்கிறோம். 2004இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்ப்சனும் அவர் குழுவினரும் கடற்கரை மணலிலும் கடல்நீரிலும் இவற்றைக் கண்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகே அறிவியல் உலகம் இதைத் தனிப்பொருளாகக் கவனிக்கத் தொடங்கியது. சில துணுக்குகள் ஆலையிலேயே சிறியவையாகப் பிறக்கின்றன. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கையின் மேற்குக் கரையில் வெண்மணிகளாகக் குவிந்தவை அந்த வகை. நெகிழிப் பொருள் செய்வதற்கான மூலக் குருணைகள். ஆற்றில் நாம் காண்பது பெரும்பாலும் வேறு வகை. பையாக, புட்டியாக, புடவையாக, சாக்காக, டயராக இருந்து உடைந்தவை.

உடைப்பது எது? முதலில் வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் நெகிழியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த வெட்டுவாயில் புகுகிறது. வெப்பம் ஏற ஏற இந்த வேலை விரைகிறது. மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, மென்மையாக மடங்கிய பை வெயிலில் காய்ந்த அப்பளம்போல் நொறுங்கத் தொடங்குகிறது. இதே பை தண்ணீருக்குள் கிடந்தால் இவ்வளவு விரைவில் சிதையாது. தண்ணீர் குளிர்ச்சியானது, ஒளியை மறைப்பது, ஆக்சிஜனும் அங்கே குறைவு. பையின் மேல் பாசி படிந்துவிட்டால் கதிர் எட்டுவதே இல்லை. நெகிழிச் சிதைவை நெடுங்காலம் ஆய்ந்த ஆண்டனி ஆண்ட்ராடி 2011இல் எழுதிய மதிப்பாய்வில் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: கடலில் மிதக்கும் நெகிழியைவிடக் கடற்கரை மணலில் கிடக்கும் நெகிழியே வேகமாகத் துணுக்குகளாகிறது. அவர் சொன்னது கடற்கரையை. ஏப்ரல், மே மாதத்துக் காவிரி மணலில் செருப்பில்லாமல் கால் வைத்தவர்களுக்கு மீதியை நான் விளக்க வேண்டியதில்லை. காற்றின் வெப்பமே 40 பாகையைத் தாண்டும் ஊர் இது. மணலின் வெப்பம் அதற்கும் மேலே.

ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறுகளை வைத்து ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஆய்வுகளில் இந்தக் கோடைக்கால அரைவைக்கு இடமில்லை. நம் ஆறு ஆண்டில் ஏழரை மாதம் ஆறு. மீதி நாளில் வெட்டவெளி மணற்பரப்பு. இங்கே அபாயத்தின் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

அந்த மணலில் என்ன கிடக்கிறது? தண்ணீர்ப் புட்டியையும் பால் பையையும் எல்லோரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிட்டு, நாம் அதிகம் பேசாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது துணி. அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணமும் பரிகாரமும் முடித்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. பவானி கூடுதுறையிலும் தாமிரபரணியின் பாபநாசத்திலும் இதே காட்சிதான். பருத்தி வேட்டி ஆற்றில் போனால் சில மாதத்தில் மக்கிவிடும். இன்று விடப்படும் புடவையும் சட்டையும் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது பாலியஸ்டர் கலந்தவை. பாலியஸ்டர் நூலும் தண்ணீர்ப் புட்டியும் வேதியியலில் ஒரே பொருள். புட்டி ஆற்றோரம் கிடந்தால் குப்பை என்கிறோம். புடவை கிடந்தால் நேர்த்திக்கடன் என்று கடந்து போகிறோம். புடவையோ ஏற்கெனவே மெல்லிய இழைகளாகப் பிரிந்தே இருக்கிறது. வெயிலும் மணலும் சற்று உரசினால் போதும், இழை இழையாகக் கழன்றுவிடும். இமோஜன் நாப்பர் என்ற ஆய்வாளரும் தாம்ப்சனும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆறு கிலோ பாலியஸ்டர் துணியைத் துவைப்பு இயந்திரத்தில் ஒருமுறை போட்டால் ஐந்து லட்சத்துக்குச் சற்றே குறைவான இழைகள் கழன்று வருகின்றன. அக்ரிலிக் துணியென்றால் ஏழு லட்சத்துக்கும் மேல். அது சில மணித்துளி அலசலுக்கான கணக்கு. ஆற்று மணலில் ஒரு கோடை முழுவதும் கிடக்கும் துணிக்கு நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஆடிப்பெருக்கு. இதைச் சொல்லும்போது யாரும் வருந்த வேண்டாம். அந்த நாளை நானும் நேசிக்கிறேன். புது மஞ்சள் கயிறு மாற்றும் பெண்களும், முளைப்பாரியும், சித்திரான்னமும், பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுப்பதும் இந்த ஊரின் பெருமைகள். காதோலை கருகமணியில் ஓலை பனையோலையாகவும் மணி கண்ணாடியாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது தட்டில் வரும் மணியும் வளையலும் நெகிழி. ஜரிகைபோல் மின்னுவது உலோகப் பூச்சு ஏற்றிய பாலியஸ்டர் படலம். பூசைப்பொருளை மடித்துக் கொடுக்கும் பை வேறு. விநாயகர் சதுர்த்தி முடிந்து காவிரிப் பாலத்தருகே கரைக்கும் சிலைகளின் அலங்காரத்தில் தெர்மாகோலும் மினுமினுப்புத் தூளும் இருந்தால் அந்தத் தூள் ஆற்றில் விழும்போதே நுண்நெகிழிதான். உடைவதற்கு வெயில்கூடத் தேவையில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டு நெறிகளில் தெர்மாகோலையும் ஒருமுறை பயன்படும் நெகிழியையும் சிலைகளுக்குத் தடை செய்திருக்கிறது.

மூன்றாவது, மணல் மூட்டை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும், அந்த உடைப்பை மணல் மூட்டைகளாலும் பாறைகளாலும் அடைக்க இரவும் பகலும் நடந்த வேலையும் நினைவிருக்கும். அந்த நேரத்தில் வேறு வழியில்லை. இப்போது அங்கே புதிய கதவணை எழுந்துவிட்டது. ஆனால் கரை உடைப்பு, தற்காலிகத் தடுப்பு, படித்துறை வேலை என்று எதற்கும் நாம் எடுப்பது பின்னப்பட்ட பாலிப்ரொப்பிலீன் சாக்கு. ஓரிரு கோடையில் அந்தச் சாக்கு வெளுத்து, நாடா நாடாவாகப் பிரிந்து, கையால் தொட்டால் பொடியாகிறது. மணல் ஆற்றோடு சேர்கிறது; சாக்கும் ஆற்றோடு சேர்கிறது.

மேலிருந்து வருவதை விட்டுவிட முடியாது. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் திருச்சிக்கு மேற்கேயே காவிரியில் கலந்துவிடுகின்றன. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், திருப்பூர், கரூர் ஆகிய ஊர்களின் நெசவு, பின்னல், சாயத் தொழில்கள் முழுவதும் இந்த வடிநிலத்தில்தான் இருக்கின்றன. கரூரில் கொசுவலைக்கான நூல் பாலிஎத்திலீனிலிருந்து இழுக்கப்படுகிறது. ஊருக்குள் வந்தால் கோரையாறும் குடமுருட்டியும் நகரத்துக் கழிவைக் காவிரியில் சேர்க்கின்றன. பெட்டவாய்த்தலையில் பிரிந்து நகரின் நடுவே ஓடும் உய்யக்கொண்டான், ராஜராஜ சோழனின் பட்டப்பெயரைத் தாங்கியபடி, நம் சாக்கடையைச் சுமந்துகொண்டு வயலுக்குப் போகிறது. காவிரிப் பாலத்திலும் கொள்ளிடப் பாலங்களிலும் தேயும் டயர்ப் பொடி மழையோடு நேரே கீழே இறங்குகிறது. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு காப்புப் பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து நஞ்சாக மாறி, மழைநீரோடு ஓடையில் இறங்கி கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020இல் கண்டறிந்தார்கள். அங்கே பல ஆண்டுகளாக அந்த மீன்கள் முட்டையிட வரும் வழியிலேயே செத்து மிதந்ததற்குக் காரணம் அதுதான்.

இனி, இவையெல்லாம் எங்கே போகின்றன என்பதற்கு வருகிறேன். இங்கேதான் நம் ஊரின் வரலாறு நமக்கு உதவுகிறது. திருச்சியின் நீர்ப்பொறியியல் வரலாறு முழுவதையும் மணலின் வரலாறு என்றே சொல்லிவிடலாம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் அதிகம். தெற்கே போகும் காவிரி மேடானது. மணல் சேரச் சேர இன்னும் மேடாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் காவிரிப் பாசனம் காய்ந்துபோகும் நிலை வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830இல் கல்லணையில் மணற்போக்கி மதகுகளை அமைத்ததும், 1836இல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கியதும் இதைச் சரிசெய்யத்தான். கரிகாலன் பெயரால் நிற்கும் கல்லணையில் அவர் கற்றுக்கொண்டது, மணலை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்ற வித்தை. அந்த மணலோடு இப்போது நுண்நெகிழியும் பயணம் செய்கிறது. பாலியஸ்டரும் நைலானும் பிவிசியும் தண்ணீரைவிடக் கனமானவை. அவை தாமாகவே அடியில் படியும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும் சாதி. ஆனால் அவற்றின் மேல் பாசியும் வண்டலும் ஏறியதும் அவையும் தாழ்ந்துவிடும்.

படிந்தவை அங்கேயே இருந்துவிடுவதில்லை. மான்செஸ்டர் நகரைச் சுற்றியுள்ள பத்து ஆறுகளில் நாற்பது இடங்களில், 2015ஆம் ஆண்டுக் கடைசியில் வந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ரேச்சல் ஹர்லியும் சக ஆய்வாளர்களும் படுகை மண்ணை எடுத்து எண்ணினார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வு, படுகையில் சேர்ந்திருந்த நுண்நெகிழியில் சுமார் 70 விழுக்காட்டை ஒரே பருவத்து வெள்ளம் வாரிக்கொண்டு போனதைக் காட்டியது. அங்கே வெள்ளம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நமக்கோ நாள் குறித்து வருகிறது. ஜூன் 12இல் மேட்டூரில் திறந்தால் மூன்று நாள் கழித்து முக்கொம்பு, அடுத்துக் கல்லணை. நெல்லும் பூவும் தூவி நாம் வரவேற்கும் அந்த முதல் தண்ணீரின் நெற்றியில் நுரையும் சருகும் குப்பையும் உருண்டு வருவதைக் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த வரிசைக்குப் பின்னால், நாலரை மாதம் வெயில் அரைத்த பொடி வருகிறது.

அந்த முதல் தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். மிகுவெள்ளம் வந்தால்தான் கொள்ளிடத்துக்குப் பங்கு. முதல் தண்ணீர் காவிரியோடு கல்லணைக்குச் சென்று அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து வாய்க்காலுக்குள் நுழைந்து வயலில் நிற்கிறது. நிற்கும் நீர் வண்டலை விடும். டெல்டாவை வளர்த்தது அந்த வண்டல்தான். ஆகவே காவிரிக் கிளையில் அரைபட்ட நெகிழி நேராகத் தஞ்சைத் தரணியின் நெல்வயலில் இறங்குகிறது. கொள்ளிடக் கிளையின் கதை வேறு. மிகுவெள்ளம் இல்லாத ஆண்டில் அதன் மணல் அடுத்த கோடைக்கும் காய்கிறது. அதில் கிடப்பவை இரண்டாம் முறை, மூன்றாம் முறை அரைபடுகின்றன. பிறகு 2018போல ஒரு வெள்ளம் வந்தால் எல்லாம் ஒரே வீச்சில் அணைக்கரையைத் தாண்டி, பழையாறு முகத்துவாரத்துக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டை அடுத்த கழிமுகத்துக்கும் போய்ச் சேர்கின்றன. வழியில் அணைக்கரையில் ஒரு பங்கு வடவாறு மூலம் வீராணம் ஏரிக்குத் திரும்புகிறது. வீராணத்தின் நீரிலும் படிவிலும் நுண்நெகிழி இருப்பதை 2021இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஏரி 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தருவது.

உயிர்களுக்கு இதனால் என்ன? காவிரியிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் உபேந்திர நாங்தோம்பா கிருஷ்ணராஜ சாகர் அணைப்பகுதிக்குச் செல்லும்போதெல்லாம் கரையில் பொரித்த மீன் வாங்கி உண்பவர். அந்த மீன்களில் உடற்குறை தென்படுவதைக் கவனித்து, தண்ணீரையே சோதிக்க முடிவு செய்தார். அவர் குழு வேகமாக ஓடும் இடம், மெதுவாக ஓடும் இடம், தேங்கிய இடம் என மூன்று இடங்களில் நீர் எடுத்தது. ஆய்வகத்தில் வரிக்குதிரை மீனின் கருக்களை அந்த நீரில் வளர்த்தது. மெதுவாக ஓடும் நீரிலும் தேங்கிய நீரிலும் வளர்ந்த குஞ்சுகளுக்கு எலும்பு கோணியது; மரபணு சிதைந்தது; செல்கள் உரிய காலத்துக்கு முன்பே செத்தன; இதயம் பழுதானது; இறப்பும் கூடியது. நுண்ணுயிர்களை வடிகட்டிய பிறகும் இவை குறையவில்லை. ராமன் நிறமாலைக் கருவியில் பார்த்தபோது அந்த நீரில் நுண்நெகிழியும் நச்சு வேதிப்பொருள்களும் இருந்தன. 2021இல் இது வெளியானது. நம் ஆறுதான் அது, நமக்கு மேலே. தேங்கிய நீரில் தீங்கு கூடுதல் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓட்டம் வற்றி, மீன்களெல்லாம் எஞ்சிய மடுவுக்குள் ஒதுங்கும் மாதங்களில் திருச்சிக் காவிரியில் மிஞ்சுவது பெரும்பாலும் தேங்கிய நீர்தான். ஆற்று மணல் அளவுக்கு மீறி அள்ளப்பட்ட இடங்களில் அப்படிப்பட்ட மடுக்கள் இன்னும் ஆழம்.

அடித்தரையில் வாழ்பவற்றுக்கே முதல் அடி விழும். ஆற்று மட்டி நாள் முழுவதும் தண்ணீரை இழுத்து வடிகட்டியே உயிர்வாழ்வது. வந்ததெல்லாம் அதன் வயிற்றில் தங்கும். அயிரையும் ஆரலும் கெளுத்தியும் வண்டலைக் கிளறி இரை தேடும் மீன்கள். மட்டியும் புழுவும் தின்றதை அவை தின்கின்றன. மீனை நீர்க்காகமும் கொக்கும் தின்கின்றன. அணைக்கரையருகே கொள்ளிடத்தில் வாழும் முதலைகளும் இந்தச் சங்கிலியின் நுனியில் இருப்பவைதான். துணுக்கைத் தின்ற உயிருக்கு வயிறு நிறைந்ததாகத் தோன்றும், ஊட்டம் இருக்காது. உடனே சாவதில்லை, மெலிகிறது, முட்டை குறைகிறது. ஆற்றில் ஒருநாள் மீன் செத்து மிதந்தால் செய்தித்தாளில் வரும். ஆண்டுக்காண்டு மீன்குஞ்சு குறைந்தால் வலை வீசுபவருக்கு மட்டுமே தெரியும்.

இது தண்ணீரோடு நிற்பதும் இல்லை. 2018இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். கொசுப்புழு தின்ற நுண்நெகிழி மணிகள், அது கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்துப் பறந்த பின்னும் உடலுக்குள்ளேயே இருந்தன. வேல்ஸ் நாட்டு ஓடைகளில் நீர்ப்பூச்சிகளை உண்டு வாழும் டிப்பர் என்ற சிறு பறவை நாளொன்றுக்கு இருநூறு நெகிழித் துணுக்குகள் வரை விழுங்குகிறது என்று கார்டிஃப் பல்கலைக்கழகம் 2020இல் கணக்கிட்டது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வைத்திருக்கும் ஊர் நாம். தும்பியும் தட்டானும் நீரில்தான் குஞ்சு பொரிக்கின்றன.

வயலில் மண்புழு. பாலிஎத்திலீன் துணுக்கு மிகுந்த மண்ணில் மண்புழுக்களின் வளர்ச்சி குன்றுவதும் இறப்பு கூடுவதும் 2016இல் நெதர்லாந்தில் செய்த சோதனையில் தெரிந்தது. ஒவ்வொரு துணுக்கின் மேலும் நுண்ணுயிர்கள் குடியேறிப் படலமாகின்றன. சாக்கடை கலந்த நீரில் அந்தப் படலத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும்.

மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனி அடைப்பை அறுவையில் நீக்கிய 257 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ 58 விழுக்காட்டினரின் அடைப்பில் பாலிஎத்திலீன் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இறப்பு நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நாலரை மடங்கு. நெகிழிதான் காரணம் என்று இது நிறுவவில்லை என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். நானும் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். குடிநீரைப் பற்றிப் பீதி கிளப்புவது என் நோக்கமில்லை. கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடத்திலும் ஆற்றுப்படுகைக்குள் இறக்கிய நீர்சேகரிப்புக் கிணறுகள் மணலின் வழியே ஊறி வரும் நீரைத்தான் எடுக்கின்றன. ராமநாதபுரம் வரை போகும் கூட்டுக் குடிநீரும் இந்தப் படுகையின் ஊற்றே. பெரிய துணுக்குகளை மணல் தடுத்துவிடும். இத்தனை மாவட்டங்களுக்கும் வடிகட்டியாக இருக்கும் மணலைக் குறைவாக மதித்து அள்ளிவிட்டோம். மிஞ்சியதில் குப்பை போடுகிறோம். எனக்கு ஆறாத வருத்தம் இது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பதினான்கு வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிக்குத் தடை. நாடு முழுவதற்கும் 2022 ஜூலை 1 முதல் இன்னொரு தடை. மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மேட்டூரிலிருந்து காவிரியில் கழிவு கலப்பதைத் தடுக்க 'நடந்தாய் வாழி காவேரி' என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தூய்மை நகரக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் மூன்றாம் இடம் பெற்ற ஊர் திருச்சி. தூய்மைப் பணியாளர்களின் உழைப்புக்குக் கிடைத்த பெயர் அது. ஆனாலும் வாழைக்கென்று தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கும் இந்த மாவட்டத்தில், வாழை இலைபோல் அச்சடித்த நெகிழித் தாளில் சோறு போடும் பந்திகளைப் பார்க்கிறோம். அதைத் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

என் கோரிக்கைகள் சில. ஆற்றைச் சுத்தம் செய்ய நாம் கூடுவது ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில். மேட்டூர் திறக்க ஒரு வாரம் முன்பு. அதற்குள் வெயில் தன் வேலையை முடித்துவிட்டது. அப்போது பொறுக்குவதற்குக் கிடைப்பது மிச்சம்தான். பொடியானதை யாராலும் பொறுக்க முடியாது. அந்த நாளைப் பிப்ரவரிக்கு மாற்றுங்கள். தை அமாவாசைக் கூட்டம் கலைந்து, தண்ணீர் வடிந்ததும், முக்கொம்பிலிருந்து கல்லணை வரை சுமார் 30 கிலோமீட்டரிலும் இரு கிளைகளின் மணலிலும் கிடப்பது முழுப் பையாக, முழுப் புடவையாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். கொள்ளிடத்துக்கு முதல் இடம் கொடுங்கள். அங்கே கிடப்பதற்குத்தான் வெயில் அதிகம்.

துணிக்கு, அம்மா மண்டபத்துப் புரோகிதர்களை வணங்கிக் கேட்கிறேன். துணியை ஆற்றில் நனைத்துக் கரையிலேயே ஒப்படைத்தால் சடங்கு நிறைவுறும் என்று நீங்கள் வாய் திறந்து சொன்னால், வருகிறவர்கள் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள். திருவரங்கத்துக் கோயிலில் ஐப்பசி முழுவதும் காவிரியிலிருந்து தங்கக்குடத்தில் யானை மேலும், மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்தும் பெருமாளுக்குத் திருமஞ்சன நீர் வருகிறது. இரண்டு ஆறுகளையும் தினமும் தேடி வருகிற கோயில் அது. அந்தக் கோயில் கேட்டால் ஊர் மறுக்காது. நீர்வளத் துறைக்கு ஒன்று: கரை வேலைக்கும் உடைப்புக்கும் சணல் சாக்கும் தென்னைநார் விரிப்பும் வாங்கி இருப்பு வையுங்கள். வெள்ளம் வந்த இரவில் தேடினால் கிடைப்பது நெகிழிச் சாக்குதான்.

கடைசியாக மாணவர்களிடம். இன்று ஓர் ஆய்வு லிட்டருக்கு எத்தனை என்கிறது, அடுத்தது சதுர மீட்டருக்கு எத்தனை என்கிறது, மூன்றாவது கிலோ மணலுக்கு எத்தனை என்கிறது. வலையின் கண் 300 மைக்ரான் என்றால் மெல்லிய இழை தப்பிவிடும். எண்ணிக்கை குறைந்து காட்டும். ஒன்றை ஒன்றோடு ஒப்பிட வழியில்லை. திருச்சியில் இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. எல்லோரும் ஒரே அளவு வலை, மணலிலிருந்து துணுக்கைப் பிரிக்க ஒரே உப்புக்கரைசல், ஒரே முறை என்று உடன்படுங்கள். முக்கொம்பு, கம்பரசம்பேட்டை, அம்மா மண்டபம், கொள்ளிடப் பாலம், கல்லணை என ஐந்து இடங்கள். தண்ணீர் அடைத்ததும் பிப்ரவரியில் ஒருமுறை, மே கடைசியில் காய்ந்த மணலில் ஒருமுறை, ஜூனில் முதல் தண்ணீர் தொட்ட அன்றே ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை. முதல் தண்ணீருக்கு மட்டும் இரவு பகல் பாராமல் ஆள் வேண்டும். மதகு திறந்த செய்தி வந்ததும் புட்டிகளோடு முக்கொம்பில் நிற்பவர்கள் யார் யார் என்று பெயர்ப்பட்டியலை இந்த அரங்கத்தைவிட்டுப் போவதற்குள் எழுதிவிடுங்கள். முதல் பெயராக என் பெயரைப் போடுங்கள்.